பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் மாஸ்டர் ஜோக் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்று கேட்டதும் நான் மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் மெஷினில் எழுத்து மேலே பார்க்க வைத்துவிட்டேன். பத்து காப்பியும் வெள்ளையாக வந்தன. பட்டியலுக்குச் சொந்தக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் மேல் என்ன தப்பு? பதினொரு வருஷமாகப் பக்கத்துக் கடை. அந்த மனுஷர் ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கோபக்காரர் இல்லை. குரல் உயர்த்த மாட்டார். நாம் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் வழி சொன்னதைக் கேட்பவர் மாதிரி கேட்டுவிட்டு, "சரிம்மா" என்பார். அதோடு அந்த ஜோக்கின் கதை முடிந்தது.

எங்கள் கட்டடத்தில் கீழே இரண்டு கடை. ஒன்று என் ஜெராக்ஸ் கடை, டைப்பிங்கும் உண்டு. மற்றது டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்பது பேச்சுக்குத்தான். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு சார்ட், வாசலில் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார், அவ்வளவுதான். மாடியில் ஒரு நீள ஹால். காலையில் டியூஷன், சாயங்காலம் டான்ஸ் கிளாஸ், நடுவில் யார் கேட்டாலும் வாடகைக்கு. ஹால் சாவி என்னிடம் இருக்கும். அதனால் அங்கே நடப்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும், நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். விரும்பாமல் இருந்தது குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் தனியாக வைத்துக் கட்டியிருக்கும். மாஸ்டர் அங்கேதான் உட்காருவார். காலை ஆறரைக்கு முதல் ஆள், அரை மணிக்கு ஒருவர், இருட்டும்வரை. ஸ்டியரிங் பழகுபவர் கையில் இருக்கும், கண்ணாடி வழியாக ரோடு முழுக்க மாஸ்டர் கண்ணில் இருக்கும். "கிளட்ச்சை மெதுவா விடு. மிரர் பாரு. முன்னாடி திருப்பம் வருது, இப்பவே குறை. சைக்கிள்காரன் உள்ள வருவான், எதிர்பாத்துக்கோ." நாள் முழுக்க இதே பேச்சு. என்ன வரப் போகிறது என்று அது வருவதற்கு முன்பே சொல்வதுதான் அவர் பிழைப்பு. முப்பது வருஷமாக ஒரு ஆளைக்கூட எதிலும் இடிக்க விட்டதில்லை.

வீட்டிலும் அதே பேச்சுதான். அவர் வீட்டுக்காரம்மா மத்தியான நேரத்தில் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, எனக்கு ஸ்டேபிள் அடித்துக் கொடுத்துக்கொண்டே சொல்வாள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"டம்ளர் சூடா இருக்கு. வாசல்ல ஈரம், பாத்துப் போ. மழை வரும், துணிய எடு. இதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாதுடி. நானும் அவருக்கு ஒரு ஸ்டூடன்ட்தான். என்ன, எனக்கு மட்டும் இன்னும் கோர்ஸ் முடியல."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அக்கா சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். என் வீட்டுக்காரர் வாய் மூடாத ரகம். காலையில் ஆரம்பித்தால் தூக்கத்தில்கூட பாதி வாக்கியம் மிச்சம் வைத்திருப்பார். "ரெண்டு பேரையும் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்க்கா" என்பேன். "எடுத்துக்கோ, எனக்கு உன் ஆளே போதும்" என்பாள்.

போன வருஷம் அவர்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆகி, அவள் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். அதுவரைக்கும் அக்காவுக்குப் பேச ஆள் இருந்தது. மகள் போன நாலாவது மாதம் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு அக்கா தன் தங்கை வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். தங்கை அங்கே திரைச்சீலை, தலையணை உறை தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறாள். பத்து நாளில் வருவேன் என்று போனவள். எட்டு மாதம் ஆகிவிட்டது.

"சண்டையா மாஸ்டர்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இல்லம்மா. ஒண்ணும் நடக்கல."

அக்காவிடம் போனில் கேட்டபோது அவளும் அதையேதான் சொன்னாள். "ஒண்ணுமே நடக்கலடி. அதுதான்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாஸ்டர் அவளுக்குப் போன் செய்வார். வீட்டில் சிக்னல் சரியாக இல்லாததால் கடைக்கு வந்து பேசுவார். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், எனக்கு எல்லாம் கேட்கும். "மாத்திரை போட்டியா. ம். கேஸ் வந்துடுச்சு. அங்க மழையா. ம். சரி." முடிந்தது. நான் ஸ்டவ்வில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தால் அது சுடக்கூட ஆரம்பித்திருக்காது. வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் எழுந்து, ஞாயிறு வகுப்பு கிடையாது என்றாலும், காரைத் துணி போட்டுத் துடைப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி போனை வாங்கியிருக்கிறாள். "மாமா, அக்காவப் பத்திக் கவலையே படாதீங்க. டிவி பாத்துட்டு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். எங்க அக்கா இவ்வளவு சிரிப்பான்னு எனக்கே மறந்துபோச்சு." அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

மாஸ்டர் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, எங்க வீட்டம்மா சிரிப்பாளா?"

"என்ன மாஸ்டர் இப்பிடிக் கேக்குறீங்க? இங்க உக்காந்து சிரிச்சா பஸ்சுக்கு நிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க."

"நான் கேட்டதில்லம்மா" என்றார். "இருபத்தாறு வருஷத்துல நான் ஒண்ணு சொல்லி அவ சிரிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல."

பேப்பர் கட்டைப் பிரித்து மெஷினில் அடுக்கினேன்.

இதோடு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. வீட்டு ஓனர் மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு கேட்டிருந்தார். இரண்டு ரூம் வீட்டில் தொடர்ந்து இருக்கப் போகிறார்களா, இல்லை மாஸ்டர் ஒற்றை ஆளுக்குப் பின்பக்க ரூம் போதுமா? போதுமென்றால் முன்வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். மாஸ்டர் போனில் இதைச் சொன்னபோது அக்கா, "கடைசி ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன். வந்து சொல்றேன்" என்றாளாம். மாஸ்டர் அந்த நாளைச் சார்ட்டுக்குக் கீழே தொங்கிய காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்.

மாடி ஹாலுக்கு அந்த நோட்டீஸ் வந்தது அதே வாரத்தில்தான். நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஸ்டாண்ட்-அப் காமெடிக்குக் குட்டி ஜோக் எழுதப் பழகலாம், ஐந்து சனிக்கிழமை, கடைசி ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேடை. மாஸ்டர் அதை டெஸ்ட் விண்ணப்பம் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தார்.

"கார் ஓட்டவே இருபத்தோரு கிளாஸ் வேணும். இது அஞ்சுல வந்துருமா?"

"உங்களுக்கு எதுக்கு மாஸ்டர் இதெல்லாம்?"

"கத்துக்க முடியாததுன்னு ஒண்ணும் இல்லம்மா. யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

அப்போதுதான் அந்தப் பத்து வெள்ளைக் காகிதமும் வந்தது.

*

சொல்லிக் கொடுக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மற்ற நாளில் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போனில் புகார் கேட்கிற வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்கிக் களைத்த குரல். சேர்ந்தது ஆறு பேர். பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், மாஸ்டர். நான் நாற்காலி எடுத்துப் போடுகிற சாக்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். மழை நாள் சனிக்கிழமை, கடைக்கு யாரும் வரப் போவதில்லை.

"மூணு வரி போதும்" என்றாள் டீச்சர். "மொத வரியில கேக்குறவங்கள உக்கார வைங்க. ரெண்டாவது வரியில நல்லா சாஞ்சுக்கச் சொல்லுங்க. மூணாவது வரியில நாற்காலிய இழுத்துடுங்க."

மாஸ்டர் கையைத் தூக்கினார். "விழுந்தா அடிபடுமேம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் எதற்கென்று புரியாமல் திரும்பிப் பார்த்தார். அவர் நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் முறை வந்தது. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தார். பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"எங்கிட்ட ஒருத்தங்க கார் கத்துக்கிறாங்க. ரிவர்ஸ் எடுத்தாங்க. கவனிங்க, இப்ப ஒரு தமாஷ் வரப்போகுது. பின்னாடி மரத்துல இடிச்சுட்டாங்க. பின்னாடி பாத்தீங்களான்னு கேட்டேன். இதோ, அடுத்த வரியில வருது. பாத்தேன் மாஸ்டர், மரம் ஒதுங்கும்னு நெனச்சேன்னாங்க. வந்துடுச்சு."

ஹால் அமைதியாக இருந்தது. நர்ஸ் இருமினாள்.

"சார், ஜோக் நல்லாத்தான் இருக்கு" என்றாள் டீச்சர். "ஆனா நீங்க ஏன் முன்னாடியே ஹார்ன் அடிச்சுக்கிட்டே வரீங்க?"

"சொல்லாமத் திருப்பினா பயந்துடுவாங்களேம்மா."

"பயப்படட்டும் சார். அந்தப் பயந்தான் சிரிப்பா வெளிய வருது."

மாஸ்டர் அதை எழுதிக்கொண்டார். எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆனால் முப்பது வருஷத்துப் பழக்கம் லேசில் போகுமா? மறுநாள் காகிதத்தில் 'தமாஷ் வரப்போகுது' என்பதை அடித்துவிட்டு வந்து என்னிடம் வாசித்துக் காட்டினார். வாய் சும்மா இருந்தது, புருவம் மேலே போய் வரப்போகிறது என்று சொன்னது. புருவத்தை அடக்கினால் கை மேலே வந்தது. கையைப் பின்னால் கட்டினால் வரிக்கு முன்னால் மூச்சை நீளமாக இழுத்தார்.

காரிலும் பழகிப் பார்த்திருக்கிறார். ஒரு ரவுண்டானாவில் அறிவிப்பு எதுவும் இல்லாமல் அந்த மர ஜோக்கைச் சொல்ல, ஸ்டியரிங்கில் இருந்த ஆசிரியப் பயிற்சி படிக்கிற பெண் விழுந்து விழுந்து சிரித்துக் கிளட்ச்சை விட்டுவிட்டாளாம். வண்டி நட்ட நடுவில் நின்று, நாலு பக்கமும் ஹார்ன். "வேலை நேரத்துல வேணாம்மா இது" என்று என்னிடம் வந்து சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இரவுச் சாப்பாடு அவருக்கு ரொட்டியும் அவித்த முட்டையும்தான். எட்டு மாதமாக அதேதான். மாடியிலிருந்து மீதி வந்த பிஸ்கட்டை நான் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார். அக்காவுடைய தையல் மெஷின் மேல் போட்டிருந்த துணியை வாரம் ஒரு தடவை உதறித் திரும்பப் போடுவார் என்று வீட்டு ஓனர் அம்மா சொன்னாள். அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் ஜோக் எழுதுகிறாராம். வேறு மேஜை இருக்கிறது. ஏன் அங்கே உட்காருகிறார் என்று நான் கேட்கவில்லை. சில விஷயம் கேட்கக் கூடாது.

*

மூன்றாவது சனிக்கிழமை டீச்சர், "உங்க வீட்டு விஷயம் ஒண்ணு எழுதிட்டு வாங்க, நெஜமா நடந்தது" என்று கேட்டிருந்தாள். மாஸ்டர் இதைப் படித்தார்.

"நான் எங்க வீட்டம்மாவுக்குக் கார் கத்துக் குடுத்தேன். இருபத்தோரு நாள். டெஸ்ட்ல ஃபெயில். எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்ல ஃபெயில் ஆனது அவ ஒருத்திதான்."

சிரிப்பு லேசாக வந்தது. இந்த விஷயம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது, அக்கா சொல்லியிருக்கிறாள். டெஸ்ட் மைதானத்தில் ஆபீசர் மாஸ்டரை இறங்கச் சொன்னார். இவள் கிளட்ச்சை விட்டாள். வண்டி மூன்று தடவை துள்ளி, ஓரத்துப் பீப்பாயைத் தள்ளிவிட்டு நின்றது. சுற்றி நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். மாஸ்டர் பீப்பாயை நிமிர்த்தி வைத்தார். வீட்டுக்கு வந்து, "கிளட்ச்சை சட்டுனு விட்டுட்ட" என்றார். அதற்குப் பிறகு அவள் சாவியைத் தொடவே இல்லை. "இருபத்தோரு நாளும் அவர் காலு பக்கத்துல இருந்த பிரேக்கு மேலயேதான்டி இருந்துச்சு. நான் எங்க ஓட்டினேன்? பாவம், அவருக்கே தெரியாது. பழகின காலு, தானா போகுது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் விடவில்லை. "அவங்க மட்டும் ஏன் சார் ஃபெயில்?"

"அவ ஓட்டல. பிரேக்கு, கிளட்ச்சு எல்லாம் நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"பழக்கம்."

"அப்பிடின்னா எல்லா ஸ்டூடன்டுக்கும் போட்டிருப்பீங்களே. அவங்கள்லாம் எப்படி பாஸ் ஆனாங்க?"

மாஸ்டர் கையில் இருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களுக்கு எப்படிச் செய்வார் என்று எனக்கே தெரியும். பத்தாவது நாளுக்கு மேல் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்வார். அதைப் பெருமையாகவும் சொல்வார். டீச்சர் காத்திருந்தாள். நர்ஸ் தன் நோட்டைப் பார்த்தாள்.

"யோசிச்சு எழுதிட்டு வரேம்மா" என்றார்.

அந்த வாரம் அவர் யாரிடமும் பேசவில்லை, வகுப்பில் சொல்லும் வார்த்தைகளைத் தவிர. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தாளைக் கொண்டு வந்து டைப் அடிக்கக் கொடுத்தார். நான் அடித்துக்கொண்டே வந்தேன். பாதியில் ஒரு வரியில் என் கை நின்றுவிட்டது.

"இது நெஜமா மாஸ்டர்?"

"ம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எனக்கே எழுதும்போதுதாம்மா தெரிஞ்சுது."

இதை முதலில் அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. நமக்கெதற்கு, நாம் டைப் அடிக்கிறவள்தானே என்று விட்டுவிட்டேன். ஊரில் இல்லாத விஷயத்துக்கெல்லாம் வாயைக் கொடுக்கிறவள், அன்றைக்குப் பார்த்து நாகரிகம் பார்த்தேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு போனில் அவர் பேசியது வழக்கத்தைவிட நீளம்.

"மாத்திரை போட்டியா. ம். வர ஞாயித்துக்கிழமை வரேன்னியே. நாலு மணிக்கு நம்ம மாடியில ஒரு இது இருக்கு. நான் பேசுறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டாள்.

"சும்மா. ஜோக்கு மாதிரி."

மறுபடி கேட்டாள்.

"ஆமா, நாந்தான்."

"சரி. பாத்து வா. வாசல்ல ரோடு தோண்டிப் போட்டிருக்கான்" என்று வைத்தார். பலகைக்கு மேல் எட்டிப் பார்த்து, "வரேன்னுட்டாம்மா" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. முப்பது நாற்காலியும் நிறைந்துவிட்டது. மாஸ்டரிடம் பழகிக்கொண்டிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அக்கா மூன்றே முக்காலுக்கு வந்தாள். சதை போட்டிருந்தாள், முகம் தெளிந்திருந்தது. தையல் மெஷினை ஏற்றிப் போக வண்டி எதுவும் ஏற்பாடு செய்யவில்லை என்றாள். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடி இது கூத்து? மனுஷனுக்கு என்ன ஆச்சு?" என்று காதுக்குள் கேட்டாள்.

"பாருங்கக்கா."

மேடையில் ஒரு விளக்கு நேராக அவர் முகத்தில் அடிக்கும்படி வைத்திருந்தார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. புருவம் அசையவில்லை.

மர ஜோக் சொன்னார். சிரித்தார்கள். சிக்னலில் கண்ணை மூடிக் கும்பிடும் ஒரு ஸ்டூடன்டைப் பற்றிச் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அப்புறம்,

"எங்க வீட்டம்மாவுக்குக் கார் கத்துக் குடுத்தேன். இருபத்தோரு நாள். ஒரு நாள்கூட வண்டி ஆஃப் ஆகல, ஒரு இடத்துல உரசல. டெஸ்ட்டு அன்னிக்கு ஆபீசர், மாஸ்டர் நீங்க இறங்குங்கன்னாரு. இறங்கினேன். காரு என்னயே பாக்குது. ஓட்டுறவன் எங்கடா போறான்னு."

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டு கைதட்டினாள். மாஸ்டர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றார். அதையும் கற்றுக்கொண்டிருந்தார்.

"ஒரு உண்மைய சொல்றேன். பதினஞ்சாவது நாளே அவ நல்லா ஓட்டினா. என்னை விட நல்லா. நாந்தான் காலை எடுக்கல. வீட்ல எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். அதையும் அவ கத்துக்கிட்டா, அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருக்கணும்?"

முன்பைவிடப் பெரிய சிரிப்பு. விசில்கூட வந்தது. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் தன் மனைவியின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் அக்கா பக்கம் திரும்பினேன். அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் இன்னும் இரண்டு ஜோக் சொன்னார். அவை என் காதில் விழவில்லை.

எல்லோரும் கைதட்டும்போதே அவள் எழுந்து கீழே வந்துவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன். கடையைத் திறந்து நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மேஜையில் வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் மாஸ்டர் படியிறங்கி வந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். நான் வெளியே போகப் பார்த்தேன். "நீ இரு" என்று அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நல்லா பேசினீங்க" என்றாள்.

"அஞ்சு வாரம் ஆச்சு" என்றார் மாஸ்டர்.

"அந்தப் பதினஞ்சாவது நாள். அது ஜோக்குக்காகச் சொன்னதா?"

மாஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். ஜோக்குக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை.

"இல்ல. நெஜந்தான்."

அக்கா தலையை ஆட்டினாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. "தெரியாமப் பண்றாருன்னு நெனச்சுக்கிட்டுத்தாங்க நான் இத்தன வருஷம் இருந்தேன். காலும் தெரியாமப் போகுது, வாயும் தெரியாம மூடிக்குது, பாவம் மனுஷன் அப்பிடின்னு. எனக்குத்தான் ஓட்ட வரல, எனக்குத்தான் எதுவும் வரலன்னு பன்னெண்டு வருஷம் நெனச்சேன்."

"எனக்கும் தெரியாதுதான். எழுதும்போதுதான் தெரிஞ்சுது. சத்தியமா."

"என்னிக்கு எழுதினீங்க?"

"பத்து நாள் இருக்கும்."

"நடுவுல போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணீங்களே?"

நான் என் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்திரை போட்டியான்னு கேட்டீங்க" என்றாள் அக்கா. "முப்பது பேரு சிரிச்சு முடிச்சப்புறம்தான் எனக்குத் தெரியணுமா? நான் கேட்டதெல்லாம் இந்தப் பேச்சுதாங்க. இத எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன், நாலு திட்டு திட்டியிருப்பேன், அப்புறம் சோறு போட்டிருப்பேன்."

"நீ சிரிக்கணும்னுதான்" என்றார் மாஸ்டர்.

எதிரே பஸ் வந்து நின்றது. அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த பஸ் போகட்டும் என்று விட்டாள். மாஸ்டர் ஏதாவது சொல்வார் என்று நானும் காத்திருந்தேன், அவளும் காத்திருந்தாள். மேடையில் அவ்வளவு பேசின மனுஷர், மேஜை மேல் கிடந்த ஸ்டேபிளரை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் கழித்து அடுத்த பஸ் வந்தது.

"வீட்டு ஓனர்கிட்ட சொல்லிடுங்க. பின்னாடி ரூமே போதும்னு" என்று எழுந்தாள். "மெஷினுக்கு அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்." என் தோளைத் தொட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். மாஸ்டர் வாசல்வரை போய் நின்றார். பஸ் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றார்.

மாடியிலிருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் அவரைப் பார்த்ததும் நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "வயிறு புண்ணாப் போச்சு மாஸ்டர்." "உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க சார்." டீச்சர் வந்து, அடுத்த மாதம் பெரிய ஹாலில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, கட்டாயம் வர வேண்டும் என்றாள். எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னார். ஒருவரையும் விடவில்லை.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்க என்னோடு மாடிக்கு வந்தார். பாதி அடுக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"லைட்டு கண்ணுல அடிச்சதுல எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீ பக்கத்துலதான இருந்த. அவ சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க மாஸ்டர்."

"எனக்காகச் சொல்லாத."

"சத்தியமா சிரிச்சாங்க. ஒரு தடவை."

நாற்காலியைக் கீழே வைத்தார். "எந்த எடத்துல?"

"ஆபீசர் இறங்கச் சொன்னாருன்னு சொல்லிட்டு, இறங்கினேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே. அங்க."

அவர் அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணுகிற மாதிரி இருந்தது.

"அங்க சிரிப்பே கெடையாதேம்மா. அது அடுத்த வரியிலதான வருது."

"ஆமா. அப்ப யாரும் சிரிக்கல. அவங்க மட்டும்தான் சிரிச்சாங்க."

மாஸ்டர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே யாரோ காப்பி எடுக்க வந்து கடைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை.

"நான் இறங்கினதும் என்ன ஆகும்னு அவளுக்குத்தான் தெரியுமே" என்றார். "அவதான அந்த வண்டிக்குள்ள இருந்தா."